பதினோரு நிறுத்தம் தள்ளி

மேல்வீட்டு பெர்னாசாவின் குழாய் வெடித்து
எங்கள் கட்டிலின் மேல் உட்கூரை விழுந்தது,
ஒரு செவ்வாய் மதியம்.
இருவரும் வேலைக்குப் போயிருந்தோம்;
போகாதிருந்தால் இதை எழுத ஆளில்லை.

காப்பீட்டுக்காரர்கள் ஒன்பது இரவு தந்தார்கள்.
மூன்று நட்சத்திரம், சமையலறையோடு,
அதே புவனஸ் அயர்ஸில்,
போயேதோவிலிருந்து பஸ்ஸில் பதினோரு நிறுத்தம்.

வரவேற்பு மேசையில் லவுத்தாரோ என்றொரு பையன்.
"இந்த ஊருக்கு முதல் தடவையா?" என்றான்.
நான் வாய் திறப்பதற்குள்
ஒராசியோ சொன்னான்: "ஆமாம்."
இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதன்
வரி அலுவலகத்தில்கூடப் பொய் சொன்னதில்லை.

பையன் வரைபடத்தை விரித்தான்.
நீலப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே வந்து
எங்கள் தெருவருகே கொஞ்சம் தயங்கி,
"இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை" என்றான்.
லிஃப்டில் நான் சிரித்த சிரிப்பில்
பெட்டி கைநழுவிக் காலில் விழுந்தது.

அறுநூற்று நான்கு.
அதை அறை என்பதா, வீடு என்பதா?
குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல்:
தட்டு 2, கோப்பை 2, கரண்டி 2, வாணலி 1, கத்தி 1.
கத்தி தக்காளியோடு பேச்சுவார்த்தை நடத்தியது.
கெட்டிலுக்குக் கொதிக்க மட்டுமே தெரியும்;
மாத்தே இலை கேட்கும் அந்த முன்சூடு
அதற்குப் புரியவே இல்லை.
ஒராசியோ பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்து
முணுமுணுப்பு கிளம்பும்போது பிடுங்குவான்.

மேல்தட்டில் யாரோ விட்டுப்போன உப்பு,
காகிதத்தில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
முகம் தெரியாதவரை எப்படி நினைப்பது?
ஒரு வெள்ளை மீசை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.
முட்டைக்கு மட்டும் அளவாய்ப் போட்டேன்.

வீட்டில் சண்டை வந்தால்
அவனுக்குக் கூடம், எனக்குச் சமையலறை.
இங்கே அடுப்புக்கும் கட்டிலுக்கும் நாலு எட்டு.
மூன்றாம் இரவு குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கோபித்தேன்.
மேலே மின்விசிறி போட்ட இரைச்சலில்
எதற்கு என்பது மறந்துபோயிற்று.
வெளியே வந்தேன். ஒரு கோப்பையைக் கழுவி வைத்திருந்தான்.
மற்றது என்னுடையது, கழுவவில்லை.

பொய்க்குக் கால் முளைத்தது.
தினமும் மாலையில் லவுத்தாரோ கேட்பான்:
"இன்று எங்கே போனீர்கள்?"
அதனால் போகவேண்டியதாயிற்று.
பரோலோ மாளிகையின் உச்சியில்
கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது.
அதன் அடியில் முப்பது வருடம்
பஸ்ஸுக்காக நின்றிருக்கிறேன், நிமிர்ந்ததில்லை.
மேலே காற்று. ஒராசியோவின் தொப்பி பறக்கப் பார்த்தது.
தெற்கே கை நீட்டி எதையோ தேடினான்.
எங்கள் மாடியின் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கிறேன்,
கேட்கவில்லை.
இன்னொரு நாள் ஆற்றோரம், நாணல் காடு,
பழுப்புத் தண்ணீர், பிரெஞ்சுக்காரக் குடும்பம் ஒன்று.
எங்களைப் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள்.
எடுத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் காலை சாவியைக் கொடுத்தபோது
பையன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்:
"அடையாள அட்டையில் முகவரி இருந்தது.
முதல் நாளே பார்த்தேன்."
ஒராசியோவின் காது சிவந்தது.
"அப்புறம் எதற்கு அந்த வரைபடம்?"
"நான் ஹுஹுயிலிருந்து வந்து நாலு மாதம்.
யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது."

உப்பை மறுபடி மடித்து வைத்துவிட்டு வந்தேன்,
கொஞ்சம் கூட்டி.

வீட்டில் புதுக் கூரை, மூக்கைத் துளைக்கும் பெயிண்ட்.
இழுப்பறையைத் திறந்தால் இருபத்து மூன்று கரண்டிகள்.
இருபத்து நான்காவது எங்கே என்று
ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.
ஒராசியோ இரண்டை எடுத்தான்,
இடுப்பால் தள்ளி மூடினான்,
"இன்று எங்கே போனீர்கள்?" என்றான்,
அந்தப் பையனின் குரலில்.

போயேதோவுக்கு, என்றேன்.
பார்க்க ஒன்றுமில்லையாமே,
அதான் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.